வாய் முன்னே, சத்தம் பின்னே



இது கொஞ்சம் நீளமான பதிவு. போன பதிவுக்கே "டீச்சர், பாடம் எடுக்கிறீங்க" என்று ஒருவன் எழுதியிருந்தான். ஆமாம்டா, இதுவும் பாடம்தான். டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு பெண் எனக்கு போன் செய்தாள். நாமக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய அம்மா என் மாணவி. 1998-ல் எட்டாம் வகுப்பு படித்தவள். உங்களில் சிலருக்கு அவள் யாரென்று தெரியும், அதனால் பெயர் எழுதவில்லை. நோயில் விழுந்து சின்ன வயதிலேயே போய்விட்டாள். அந்தப் பெண்ணிடம் அம்மாவின் படங்கள் என்று நாலைந்து போட்டோக்கள்தான் இருக்கின்றன. அம்மா நடந்து, பேசி, சிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது 1998 ஆண்டு விழா கேசட். அதில் அவள் மேடையேறி "எங்கள் மலை" என்ற தலைப்பில் சுமார் மூன்று நிமிடம் பேசியிருக்கிறாள். பேச்சை எழுதிக் கொடுத்தது நான்.

கேசட் என் பீரோவில்தான் இருந்தது. இந்த மலை ஈரத்துக்கு வி.எச்.எஸ். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிடும். கீழே ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கிவரச் சொன்னேன். ஒரு தடவைதான் ஓட்டினார்களாம், இரண்டாம் தடவை டெக்கில் டேப் சிக்கி அறுந்துவிட்டதாம். ஆக, கையில் இருப்பது அந்த ஒரு ஃபைல் மட்டும்தான். அதை அவளுக்கு அனுப்பினேன். அன்று இரவே போன்.

"டீச்சர், எங்கம்மா வாய் ஒரு பக்கம் அசையுது, சத்தம் வேற பக்கம் வருது. வேற யாரோ பேசற மாதிரி இருக்குது டீச்சர்."

குரலில் அழுகை இல்லை. ஆனால் அவள் சொன்னது எனக்கு உறுத்தியது. பிள்ளை அம்மாவின் குரலைக் கேட்கிறாள், அந்தக் குரல் அந்த வாயிலிருந்து வரவில்லை. "இரு கண்ணு, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகுதான் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது.

இரண்டு மாதம் ஆனது. நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். இந்தத் தொல்லை கம்ப்யூட்டர் வந்து உண்டானது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சினிமா பிறந்த அன்றே இதுவும் கூடப் பிறந்துவிட்டது.

எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர் 1894-95 வாக்கில் ஒரு துண்டுப் படம் எடுத்தார். ஒரு பெரிய ஒலிக்குழாய்க்கு முன்னால் அவரே நின்று வயலின் வாசிக்கிறார், பக்கத்தில் இரண்டு ஆண்கள் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். மொத்தம் 20 வினாடிகூட இல்லை. படம் ஃபிலிமில், சத்தம் மெழுகு உருளையில். இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து போயின. உருளை உடைந்து கிடந்து, 1998-ல்தான் ஒட்டவைத்துக் கேட்டார்கள். 2000-த்தில் வால்டர் மர்ச் என்ற ஹாலிவுட் எடிட்டர் உட்கார்ந்து படத்தையும் வயலினையும் சேர்த்து வைத்தார். வில் மேலும் கீழும் போவதற்கும் இசைக்கும் பொருத்தம் பார்த்து வைத்தாராம். பிரிந்து போன வாயும் சத்தமும் சேர 100 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என்னுடையது 26 வருஷத்துக் கேசட்தானே என்று ஒரு தைரியம் வந்தது.

ஊமைப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 16 ஃபிரேம், 18, 20 என்று சுற்றுகிறவர் கைக்குத் தக்கபடி. படம் கொஞ்சம் வேகமாக ஓடினால் கண் பொறுத்துக்கொள்ளும். காது அப்படியில்லை. பாட்டின் வேகம் துளி மாறினாலும் சுருதி விலகிவிடும். அதனால் சத்தம் வந்தவுடன் வேகத்தைக் கட்டிப்போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1926-ல் வந்த வைட்டாஃபோன் முறையில் வினாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தார்கள். நிமிஷத்துக்கு 90 அடி ஃபிலிம். ஒரு அடிக்கு 16 ஃபிரேம், கணக்குப் போட்டுப் பாருங்கள், 24 வரும். தியேட்டர் படங்கள் இன்றைக்கும் பெரும்பாலும் அதே 24-தான்.

வைட்டாஃபோனில் சத்தம் ஃபிலிமில் கிடையாது, 16 அங்குல இசைத்தட்டில் இருக்கும். ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிஷம். ஃபிலிமில் குறி போட்ட ஃபிரேமை மெஷினில் மாட்டி, தட்டில் அம்புக்குறி போட்ட இடத்தில் முள்ளை வைத்து, இரண்டையும் ஒரே மோட்டாரில் ஓட்டுவார்கள். 1927-ல் "தி ஜாஸ் சிங்கர்" இப்படித்தான் ஓடியது. இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஃபிலிம் அறுந்தால் ஆபரேட்டர் சேதமான ஃபிரேம்களை வெட்டிவிட்டு ஒட்டுவார். தட்டிலிருக்கும் சத்தத்தை வெட்ட முடியாதே! பத்து ஃபிரேம் போனால் அந்த இடத்திலிருந்து படம் பத்து ஃபிரேம் முந்திக்கொள்ளும், சத்தம் பிந்திவிடும். அடுத்த தட்டு மாற்றும் வரை அப்படியே போகும். இதற்கு அவர்கள் செய்த வைத்தியம் எளிமையானது: எத்தனை ஃபிரேம் போயிற்றோ அத்தனை ஃபிரேம் வெறும் கறுப்பு ஃபிலிமை அந்த இடத்தில் வைத்து ஒட்டினார்கள். திரை ஒரு கண்சிமிட்டல் இருளும், அதற்குப் பிறகு எல்லாம் சரியாக இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்பேன்.

நம் நாட்டுக்குப் பேசும்படம் வந்தபோது சத்தம் ஃபிலிமிலேயே ஏறிவிட்டது. ஆர்தேஷிர் இரானி எடுத்த "ஆலம் ஆரா" 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் "காளிதாஸ்". இயக்கம் எச்.எம்.ரெட்டி, கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். வாயும் சத்தமும் பொருந்தின, மொழிதான் பொருந்தவில்லை! இரண்டு படத்துக்கும் இன்று ஒரு பிரதிகூட இல்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

"ஆலம் ஆரா" எடுத்தது ஒற்றை ஃபிலிம் முறை. படமும் சத்தமும் படப்பிடிப்பின்போதே ஒரே ஃபிலிமில் பதிவாகும். அப்போ பொருத்தம் தானாக வந்துவிடுமே என்பீர்கள். எடுக்கும்போது வரும். வெட்டி ஒட்டும்போதுதான் சிக்கல். ஒரு ஃபிரேமுக்குரிய சத்தம் அந்த ஃபிரேமுக்குப் பக்கத்தில் இருக்காது. ஏன் என்பதை எனக்குச் சொன்னவர் என் சித்தப்பா.

உறவுகளுக்குத் தெரியும், சித்தப்பா சேந்தமங்கலம் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தார். கீத்துக் கொட்டகை, மணல் குவித்து உட்காருவோம், ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும் போதெல்லாம் இடைவேளை. பள்ளிக்கூட லீவில் நானும் சித்தியும் அவருக்குச் சோறு கொண்டுபோவோம். கார்பன் எரிகிற வாடையோடு அந்த அறை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் காட்டினார்: விளக்குக்கு முன்னால் ஃபிலிம் நின்று நின்று போகிறது. வினாடிக்கு 24 தடவை நின்று, நகர்ந்து, நின்று. அப்படி நின்றால்தான் படம் கலங்காமல் தெரியும். ஆனால் சத்தம் படிக்கிற இடத்தில் ஃபிலிம் நிற்கவே கூடாது, வழுவழுவென்று ஓட வேண்டும். ஒரே இடத்தில் நிற்கவும் ஓடவும் முடியாது. அதனால் சத்தம் படிக்கிற உருளையைக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். 35 எம்.எம். ஃபிலிமில் சத்தம் தன் படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். 16 எம்.எம்.மில் 26 ஃபிரேம்.

இரண்டுக்கும் நடுவில் ஃபிலிமை ஒரு வளையமாகத் தொங்கவிடுவார்கள், அதற்கு லூப் என்று பெயர். "இந்த லூப்புல ரெண்டு ஃபிரேம் கூடிப்போனா சிவாஜி வாய மூடின அப்புறம் வசனம் வரும்" என்று சித்தப்பா சொல்வார். அவர் படிப்பு ஐந்தாம் வகுப்பு. இரண்டு ஃபிரேம் என்பது வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதை அவர் கண்ணாலேயே பிடிப்பார். படம் ஓட ஆரம்பித்ததும் முதல் ரீலில் யாராவது வாயை மூடித் திறக்கிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அதையே பார்க்கப் பழகினேன். இப்போதும் டி.வி.யில் செய்தி வாசிப்பவர் உதட்டைத்தான் முதலில் பார்க்கிறேன், செய்தி அப்புறம்தான்.

உதட்டைப் பார்ப்பதில் ஒரு இலக்கண சங்கதி இருக்கிறது. தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்குத் தெரியும். ப, ம இரண்டும் இரு உதடும் ஒட்டினால்தான் பிறக்கும். வ பிறக்க மேற்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். க, ச, ட எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, பார்க்கிறவனுக்குத் தெரியாது. டப்பிங் செய்கிறவர்கள் நம்பியிருப்பது இந்த ப, ம-வைத்தான். ஏ.வி.எம். 1943-ல் கன்னடத்தில் வந்த "ஹரிச்சந்திரா"வை 1944-ல் தமிழில் மாற்றி வெளியிட்டது. இந்தியாவிலேயே முதல் டப்பிங் படம் அதுதான் என்பார்கள். கன்னட வாய்க்குத் தமிழ் வார்த்தை தேட வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் நம் வார்த்தையிலும் ஒரு ப-வோ ம-வோ வந்து விழ வேண்டும். வெறும் மொழிபெயர்ப்பு வேலை இல்லை அது. அதற்கு முன்பே 1938-ல் மெய்யப்பச் செட்டியார் "நந்தகுமார்" படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் குரலில் பாட்டைப் பதிந்து சேர்த்திருந்தார். தமிழில் பின்னணிப் பாட்டு அங்கிருந்து ஆரம்பம். அன்றிலிருந்து நாம் பார்ப்பது ஒருவர் வாய், கேட்பது இன்னொருவர் தொண்டை. பொருத்தம் சரியாக இருக்கும் வரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

நம் சேலத்தில் டி.ஆர்.சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்ததெல்லாம் இந்தக் காலத்தில்தான். மலையாளத்தின் முதல் பேசும்படமான "பாலன்" 1938-ல் அவர் தயாரிப்பில் வந்தது. அந்தக் கதையைத் தனியாக எழுதுகிறேன், இங்கே இழுத்தால் பதிவு முடியாது.

படத்துக்கு ஒரு ஃபிலிம், சத்தத்துக்கு வேறு ஃபிலிம் என்று தனித்தனியாக எடுக்க ஆரம்பித்த பிறகு இரண்டையும் சேர்க்க ஒரு அடையாளம் தேவைப்பட்டது. அதுதான் கிளாப் போர்டு. ஷூட்டிங்கில் பையன் கட்டையைத் தட்டுவது ஆரம்பிக்கச் சொல்வதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கட்டை ஒட்டுகிற ஃபிரேமும் "டக்" என்ற சத்தமும் ஒன்றாக வைக்கப்பட்டால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும் என்பதற்காகத்தான் அது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம்.

தொலைக்காட்சி வந்தபோது நம் நாட்டில் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால் வினாடிக்கு 25 ஃபிரேம் வைத்தார்கள். படமோ 24. 25 ஃபிரேம் நாடுகளில் இதற்குப் பெரும்பாலும் செய்தது என்னவென்றால், படத்தைப் பேசாமல் 25 வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதி முக்கால் சுரத்தானம் போல ஏறிவிடும். ஆனால் வாயும் சத்தமும் சேர்ந்தே ஓடுவதால் பொருத்தம் கெடாது. இன்று யாராவது கன்வெர்ட் செய்யும்போது படத்தை மட்டும் 25 ஆக்கிவிட்டு சத்தத்தை அப்படியே விட்டால்தான் வினை. மணிக்கு இரண்டரை நிமிஷம் விலகும்.

அமெரிக்காவில் 30 ஃபிரேம் இருந்தது. 1953-ல் கலர் கொண்டுவந்தபோது சத்த அலையோடு கலர் அலை மோதாமல் இருக்க அதை ஒரு துளி குறைத்து 29.97 ஆக்கினார்கள். டல்லாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் அனுப்பிய கல்யாண வீடியோவில் கடைசியில் மேளம் மூன்று நாலு வினாடி பிசகியது ஏன் என்று இப்போது புரிகிறதா? யாரோ 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மணிக்கு 3.6 வினாடி.

சத்தத்துக்கும் இதே கதை. சி.டி.யில் வினாடிக்கு 44,100 தடவை சத்தத்தை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். இது எங்கிருந்து வந்த எண் என்று நான் ரொம்ப நாள் யோசித்ததுண்டு. முதலில் அந்த எண்களைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு வரிக்கு 3 அளவு, 294 வரி, வினாடிக்கு 50 தடவை. பெருக்குங்கள். அமெரிக்கக் கணக்கில் 3, 245, 60. இரண்டிலும் 44,100 வரும். வீடியோவுக்கு வேறொரு அளவு, 48,000. ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஓட்டினால் குரலின் சுருதியும் வேகமும் மாறிவிடும்.

கணக்கு டீச்சராக எனக்கு மிகவும் பிடித்த எண் வேறொன்று. 1990-களில் எம்பெக் முறையை வகுத்தவர்கள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு சத்தத் துண்டுக்கும் தனித்தனியாக நேர முத்திரை குத்த முடிவு செய்தார்கள். கடிகாரம் வினாடிக்கு 90,000 தட்டு தட்டும். ஏன் 90,000? 24-ஆல் வகுத்தால் 3,750. 25-ஆல் 3,600. 30-ஆல் 3,000. அந்தக் கோணலான 29.97-க்கும் சரியாக 3,003. மீதியே இல்லை! மீ.பொ.ம. எதற்குப் படிக்கிறோம் டீச்சர் என்று கேட்டவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

1992-ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த ஏவிஐ ஃபைலில் இந்த முத்திரை கிடையாது. அது எண்ணிக்கையை நம்புகிறது. வினாடிக்கு 25 ஃபிரேம் என்று முகப்பில் எழுதியிருக்கும். ஆயிரமாவது ஃபிரேம் என்றால் நாற்பதாவது வினாடி, அவ்வளவுதான். நடுவில் பத்து ஃபிரேம் வராமல் போயிருந்தால் அதற்குத் தெரியாது, அடுத்ததை இழுத்து முன்னால் வைத்துக்கொள்ளும். சத்தம் மட்டும் ஒழுங்காக ஓடும்.

இப்போது செல்போனில் வேறு விதம். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும், கூடினால் கூட்டிக்கொள்ளும். போனில் பார்க்கும்போது முத்திரையைப் பார்த்து சரியாகவே காட்டும். எடிட்டிங் மென்பொருள் சிலவற்றில் போட்டால் அது சீரான வேகம் என்று எடுத்துக்கொண்டு குழப்பிவிடும். எடிட் செய்வதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சீரான ஃபிரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை மாற்றிக்கொண்டால் தொல்லை இல்லை.

என் ஃபைலுக்கு வருகிறேன். 52 நிமிஷம். கடையில் கேசட்டை ஏவிஐ-யாகப் பிடித்து பிறகு எம்.பி.4 ஆக்கியிருக்கிறார்கள். முதலில் தம்பி மகன் சொன்னபடி வி.எல்.சி. பிளேயரில் போட்டு ஜே விசையை அழுத்தினேன். ஒரு அழுத்துக்கு சத்தம் 50 மில்லி வினாடி முந்தும். (பிந்த வைக்க கே.) அவள் பேச்சு 31-வது நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது. 24 தடவை அழுத்தியதும் வாயும் சத்தமும் கூடிவிட்டன. அதாவது 1.2 வினாடி. ஐயோ இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டேன். ஒன்றரை நிமிஷம் போனதும் மறுபடி விலகிவிட்டது.

அப்போதுதான் புரிந்தது, இந்த நோயில் இரண்டு வகை உண்டு. முதலிலிருந்து கடைசி வரை ஒரே அளவு விலகியிருந்தால் மொத்தமாக நகர்த்தினால் போதும். போகப் போகக் கூடினால் நகர்த்திப் பயனில்லை, நீளத்தையே மாற்ற வேண்டும். நான் ஆரம்பத்தைப் பார்த்தேன்: தலைமையாசிரியர் மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" என்கிறார், விரலும் சத்தமும் சரியாக இருந்தன. கடைசியைப் பார்த்தேன்: நாலு வினாடி விலகல். சரி, இரண்டாம் வகை என்று முடிவு செய்து, சத்தத்தை நாலு வினாடி சுருக்கி மொத்தமாகப் பொருத்தினேன். ஆரம்பம் சரி, முடிவு சரி. நடுவில் அவள் பேச்சு? முன்பைவிட மோசம். இப்போது சத்தம் முன்னால், வாய் பின்னால்.

சத்தம் பிந்துவதைவிட முந்துவது ஏன் இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று யோசித்தேன். மலைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிர்ச் சரிவில் ஒருவர் சில்வர் ஓக் கிளையை வெட்டுகிறார். கோடாலி இறங்குவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். 340 மீட்டருக்கு ஒரு வினாடி. சத்தம் பிந்தி வருவதற்கு நம் மூளை பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. கோடாலி இறங்கும் முன்பே சத்தம் வருவது இயற்கையில் கிடையாது. உலகத் தொலைத்தொடர்பு சங்கம் 1998-ல் சோதித்து வெளியிட்ட அளவும் இதைத்தான் காட்டுகிறது. சத்தம் 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், பிந்தினால் 125 வரை தெரிவதில்லை.

ஏன் என் கணக்கு தப்பியது? சீராக விலகியிருந்தால் 31-வது நிமிஷத்தில் 2.4 வினாடி இருக்க வேண்டும். இருந்ததோ 1.2. ஆக இது சீரான சரிவு இல்லை, படிக்கட்டு. பூஞ்சை பிடித்த இடங்களில் ஃபிரேம்கள் கொத்துக் கொத்தாக விழுந்திருக்கின்றன. படத்தில் வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும் ஒவ்வொரு இடமும் ஒரு படி. மற்ற இடமெல்லாம் சமதளம். சீராக இழுத்தால் எப்படிச் சரியாகும்?

இப்போது சொல்லுங்கள், வைட்டாஃபோன் ஆபரேட்டர் என்ன செய்தார்?

அதையேதான் நானும் செய்தேன். ஷாட்கட் என்ற இலவச மென்பொருளை தம்பி மகன் போட்டுக் கொடுத்தான். வெள்ளைக் கோடு வரும் ஒவ்வொரு இடத்திலும் படத்தை வெட்டி, எத்தனை ஃபிரேம் தொலைந்ததோ அத்தனை ஃபிரேமுக்கு முந்தைய படத்தையே அசையாமல் நிறுத்தி வைத்தேன். எத்தனை தொலைந்தது என்று தெரிய கிளாப் போர்டு வேண்டுமே? கடவுள் புண்ணியத்தில் அந்த வருஷம் கோலாட்டம் இரண்டு தடவை இருந்தது. குச்சியும் குச்சியும் ஒட்டுகிற ஃபிரேம், "டக்" சத்தம். பரிசளிப்பில் கைதட்டல். யாரோ ஒரு பையன் நாற்காலியோடு விழுந்தது. (யாரென்று தெரியும், சொல்ல மாட்டேன்.)

அவள் பேச்சில் குச்சி இல்லை. அங்கே உதடுதான். "மலை" என்று ஆரம்பிக்கிறாள், ம. "பலா", "மிளகு", "பாக்கு". எழுதிக் கொடுத்தபோது எதுகை மோனை பார்த்து எழுதினேனே தவிர இதற்காக இல்லை. பேச்சு ஆரம்பிக்குமுன் 30 ஃபிரேம் சேர்த்தேன். நடுவில் வரும் வெள்ளைக் கோட்டில் 8 ஃபிரேம். வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு அவள் அசையாமல் நிற்பாள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஃபிரேம் கூட்டி, ஒரு ஃபிரேம் குறைத்து, மூன்று ராத்திரி அந்த மூன்று நிமிஷத்துக்கே போனது.

ஒரு இடம். பேச்சின் நடுவில் அவள் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பார்க்கிறாள். பழைய ஃபைலில் அவள் பார்த்துவிட்டு, திரும்பி, வாயசைத்துப் பேச ஆரம்பித்த பிறகு மேடை ஓரத்திலிருந்து என் குரல் "மிளகுக் கொடி" என்று கேட்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளையை நான் குறுக்கே புகுந்து கெடுத்த மாதிரி இருக்கும். எனக்கே அப்படித்தான் செய்தேனோ என்று சந்தேகமாக இருந்தது. சரிசெய்த பிறகு பார்த்தால் வரிசை மாறிவிட்டது. அவள் மறந்து நிற்கிறாள். என் பக்கம் பார்க்கிறாள். நான் எடுத்துக் கொடுக்கிறேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது, திரும்பி "மிளகுக் கொடி" என்று தொடர்கிறாள்.

பொங்கல் லீவில் மகள் வந்தாள். எழுபது வளைவும் சுற்றி வந்து இறங்கிய தலைசுற்றலோடு, காப்பிகூடக் குடிக்காமல் உட்கார்ந்து பார்த்தாள். முழுதாகப் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் ஏழெட்டுத் தடவை போட்டாள்.

"அம்மா உங்களத்தான் பாக்குறாங்களா டீச்சர்?"

"ஆமா கண்ணு."

"நான் இத்தன நாளா அங்க பாட்டி நிக்கிறாங்கன்னு நெனச்சேன்."

அப்புறம் அவள் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கடைசி நாலு நிமிஷம், நன்றியுரையும் நாட்டுப்பண்ணும், என்னால் சரிசெய்ய முடியவில்லை. அங்கே பூஞ்சை அதிகம், வெள்ளைக் கோடு மழை மாதிரி வருகிறது, எல்லோரும் நேராக நின்று பாடுவதால் தட்டுகிற குச்சியும் இல்லை. அந்த விழாவை எடுத்த வீடியோக்காரர் இரண்டு காப்பி கொடுத்ததாக எனக்கு ஞாபகம். ஒன்று என்னிடம் இருந்தது. மற்றது பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் யாரோ வாங்கிப் போனார்கள். 1998 செட்டில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். கடையில் கொடுத்துவிடாதீர்கள், டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரம் படாமல் ஒரு டப்பாவில் போட்டு அப்படியே என்னிடம் கொண்டு வாருங்கள்.